வாசித்துக் காட்டாத மனு

"அதை எழுதியது நான்தான்" என்று அன்று நான் சொல்லவில்லை.

இன்று காலை அலுவலகத்தில் ஒரு பழைய வழக்குக் கட்டை அவிழ்த்தேன். மட்கிய தாளின் வாசனை. என் வரைவு ஒன்றின் ஓரத்தில் உன் பென்சில் எழுத்து: "ஏட்டி, இது உனக்காவது புரியுதா?" சிரித்துவிட்டேன். பிறகு கட்டை மூடக் கை வரவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரே சீனியரிடம் நாம் இருவரும் ஜூனியர்களாகச் சேர்ந்தோம். கல்லூரியில் படித்த தீர்ப்புகளின் நடையில் நான் நீள நீளமாக எழுதுவேன். நீயோ கட்சிக்காரரை எதிரே உட்காரவைத்து மனுவை வாசித்துக் காட்டுவாய். அவர் நெற்றி சுருங்கினால் அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதுவாய்.

"கோர்ட்டுக்கு எழுதுதியா, ரேடியோவுக்கு எழுதுதியா?" என்று கேலி செய்வேன்.

"அவுக கத அவுகளுக்கே புரியலன்னா ஜட்ஜுக்கு எப்படிட்டி புரியும்?" என்பாய்.

பேட்டையில் லேத் பட்டறை நடத்தும் பெண் ஒருவர் வந்தார். பக்கத்து மனைக்காரர் பட்டறை இடத்தில் சுவர் எழுப்புகிறார், தடையுத்தரவு வேண்டும். பழைய மனு ஒன்றைப் பார்த்து, பெயர்களை மாற்றி, நான் எழுதினேன். அன்றே தாக்கல் செய்யும் அவசரத்தில் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. பழைய மனுவின் கிழக்கு எல்லை அப்படியே தங்கிவிட்டது.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "பட்டறைக்குக் கிழக்க வாய்க்கால் ஓடுதாம்யா. எங்கன இருக்குன்னு சொன்னா நானும் ஒரு முங்கு போட்டுட்டு வந்துருவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தடையுத்தரவு கிடைக்கவில்லை. மனுவைத் திருத்துவதற்குள் சுவர் இடுப்பளவு எழும்பிவிட்டது.

அன்று மாலை சீனியர் மனுவை மேசையில் போட்டார். "யாரும்மா இத எழுதுனது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"திருத்த மனு நான் போடுதேன் சார்" என்றாய் நீ.

அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் நீ முதன்முறையாக எழுந்து வாதாட வேண்டிய ஜீவனாம்ச வழக்கை உன்னிடமிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தார். ஒரு மாதமாக நீ தயாரித்த வழக்கு.

வெளியே வந்ததும் உன் கையைப் பிடித்தேன். "சும்மா இரிட்டி. எனக்கு இன்னொண்ணு தராமலா போயிருவாரு? இந்தா, கேஸ் நோட்டப் பிடி" என்று வண்டியைக் கிளப்பினாய். சீனியர் இன்னும் உள்ளேதான் இருந்தார். திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம்.

இப்போது நானும் வாசித்துக் காட்டுகிறேன். கட்சிக்காரர் எழுந்து போன பிறகும் எதிர் நாற்காலியைப் பார்த்தபடி இன்னொரு முறை, பைய, வாசிக்கிறேன். எந்த வரியில் நீ முகம் சுளித்திருப்பாய் என்று தேடுகிறேன். சில நாட்களில் தெரிந்துவிடுகிறது. பல நாட்களில் தெரிவதில்லை.

உன் குறிப்புகளை வைத்துக்கொண்டு அந்த ஜீவனாம்ச வழக்கில் நான் வாதாடினேன். ஜீவனாம்சம் கேட்ட பெண்ணுக்குச் சாதகமாகவே உத்தரவு வந்தது. அதே வருடம் மார்கழியில் உனக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பதாம் நாள் நீ இறந்துபோனாய். அதுவரை சீனியர் உனக்கு வேறு வழக்கு தரவில்லை. நீதிமன்றத்தில் ஒருமுறைகூட நீ வாதாடவில்லை.