குதிரைப் படத்துக்கு நான் எழுதிய விமர்சனம்

காலையில் மருமகள் கூடத்தில் உட்கார்ந்து நகப்பூச்சு பூசிக்கொண்டிருந்தாள். அந்த நெடி பட்டதும் காந்திபுரத்துத் தியேட்டரில் உங்கள் ஆபரேட்டர் அறை ஞாபகம் வந்துவிட்டது. அறுந்த பிலிமை ஒட்ட நீங்கள் தடவும் மருந்துக்கும் இதே நெடிதான். நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் வந்த அந்தக் குதிரைப் படம் உங்களுக்கு மறந்திருக்காது. வெளிநாட்டுப் படம், தமிழில் பேசவைத்திருந்தார்கள். கடற்கரையில் அந்த வெள்ளைக் குதிரை ஓடும்போது, பிள்ளைகுட்டிகளோடு வந்த கூட்டம் வாயடைத்துப் பார்த்தது. சென்னைப் பத்திரிகைகள் ஒளிப்பதிவைக் கொண்டாடியிருந்தன. நான் சும்மா இருப்பேனா? கோவையில் சினிமா விமர்சனம் என்றால் நான்தான் என்று ஒரு நினைப்பு. முதல் நாள் முதல் ஆட்டம் பார்த்துவிட்டு, எங்கள் வாரப் பத்திரிகையில் "கண்ணுக்கு விருந்து, கதைக்குப் பட்டினி" என்று தலைப்புப் போட்டேன். தொலைந்துபோன குதிரை திடீரென்று லாயத்தில் நிற்கிறது, அடுத்த நிமிடமே அதைக் காணோம் என்று தேடுகிறார்கள், இயக்குநருக்குக் கதை சொல்லவே தெரியவில்லை என்று வெளுத்து வாங்கினேன்.

இதழ் வந்த அன்றே அதைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் வாசலில் நின்றீர்கள்.

"ஏனுங்க, படத்து மேல தப்பில்லீங்க. அஞ்சாவது ரீலுக்கு முன்னால ஆறாவத ஓட்டிப்போட்டனுங்க. குதிரை ஓடறதப் பாத்துட்டே நின்னனா, கை பாட்டுக்கு மாத்தி எடுத்துருச்சு. அடுத்த ஆட்டத்துல சரி பண்ணிட்டனுங்க. ஆபரேட்டர் தப்புன்னு எழுதிப்போடுங்க. பாவம், நல்ல படமுங்க."

ரீல் மாறியதுகூடத் தெரியாதவனா விமர்சனம் எழுதுகிறான் என்று ஊர் சிரிக்குமே. எனக்கு முதலில் தோன்றியது அதுதான். அதை விழுங்கிவிட்டு, "எழுதுனா உங்க வேலை போயிருமுங்க. உடுங்க, இது நம்மளோட இருக்கட்டும்" என்றேன். உங்கள் கண் கலங்கிவிட்டது.

எட்டாம் நாள் படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டார்கள். என் விமர்சனத்தால்தானா, தெரியாது. ஆனால் டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் என் தலைப்பைச் சொல்லிச் சிரித்ததைக் கேட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் உடுமலைப்பேட்டையிலிருந்து தேங்காய் கொண்டுவந்து போட்டீர்கள். யாரிடம் என்னை அறிமுகப்படுத்தினாலும் "என்ற வேலையக் காப்பாத்துன மனுசனுங்க" என்பீர்கள். ஒரு தடவைகூட நான் மறுக்கவில்லை.

உங்கள் காரியத்துக்கு வந்திருந்தேன். உங்கள் வீட்டம்மா அழுதுகொண்டே கைகூப்பினார். "உங்க புண்ணியத்துலதானுங்க இந்த ஊட்டுல அடுப்பெரிஞ்சுது. கடைசி வரைக்கும் அவரு சொல்லிட்டே இருந்தாருங்க" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கேயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நான் காப்பாற்றியது என் பெயரை மட்டும்தான். எனக்குச் சேராத அந்த நன்றியை இனி யாரிடம் திருப்பிக் கொடுப்பேன், சொல்லுங்கள்.