விலாசம் வருவதற்கு முன்

லிண்டன் ஃபோர்க், வர்ஜீனியா
மார்ச் 9

அன்புள்ள டுவைட்,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இரண்டிலும் பனி எவ்வளவு பெய்தது, மார்வின் வீட்டுத் தொழுவத்தின் கூரை எப்படி விழுந்தது என்றே எழுதியிருந்தேன். டேட்டனில் அந்தக் கிடங்கு வேலை உன் முதுகுக்கு ஒத்துக்கொள்கிறதா? உன் அண்ணன் வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

நீ கேள்விப்பட்டது உண்மைதான். இந்த மாதக் கடைசியோடு நம் தன்னார்வ மீட்புக் குழுவை மூடுகிறார்கள். இனி ஆம்புலன்ஸ் டவுனிலிருந்து, சம்பள ஆட்களோடு வரும். நீயும் நானும் சேர்ந்தபோது இருபத்தெட்டு பேர் இருந்தோம். பயிற்சி வகுப்பு மணிநேரங்களை ஏற்றிக்கொண்டே போனார்கள். இரண்டு வேலை பார்க்கிறவர்களால் முடியவில்லை, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுகொண்டார்கள். கடைசியில் பட்டியலில் ஏழு பேர், அதில் நான்கு வெறும் பெயர்கள். ஹார்லனுக்கு முழங்கால் போன பிறகு உண்மையில் நாம் இரண்டு பேர்தான். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தும்மல் வந்தா இந்த ஊர் காலி, கேப்டன்" என்று நீ வண்டியில் சொல்லிச் சிரிப்பாய். நானும் சிரித்திருக்கிறேன்.

இனி நீ எழுதியதற்கு வருகிறேன். உன் பேத்திக்கு மூன்று வயது முடிந்தது, அவள் பிறந்த வாரத்துக்குப் பிறகு அவளை ஒரு முறைகூடத் தூக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அவளைப் பார்த்தாலே, அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க டென்னசிக்குப் போகாமல் வீட்டிலேயே மனைவி பக்கத்தில் இருந்திருந்தால் க்ளென்னா பிழைத்திருப்பாள் என்ற நினைப்பு வருகிறது என்கிறாய். அந்த வரியைப் படித்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

நீ போகத் தயங்கினாய். நான்தான் உன்னை விரட்டினேன். "குழந்தை பொறந்து நாலு நாளாச்சு, இன்னும் என்ன யோசனை? போ. நான் இருக்கேன்ல?" என்றேன். நினைவிருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது.

வெள்ளி முதல் ஞாயிறு காலை வரை ஐந்து அழைப்புகளுக்குப் போயிருந்தேன். ஞாயிறு மதியம் சமையலறையில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு பத்துக்கு அலமாரியில் இருந்த பேஜர் கூவியது. முதலில் கூவல், அதற்குப் பிறகுதான் கட்டுப்பாட்டு அறையின் குரலும் விலாசமும் வரும், உனக்குத் தெரியாததா? ஈரக் காலோடு எழுந்துபோய், குரல் வருவதற்கு முன் ஒலியைக் குறைத்துவிட்டேன். "வேற யாராவது போங்கப்பா" என்று வாய்விட்டுச் சொன்னேன். வேறு யாரும் இல்லை என்று இந்தக் கவுண்டியில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அப்படியே நாற்காலியில் தூங்கிப்போனேன்.

மூன்று மணிக்கு ஹார்லன் போன் செய்தான். "லொரெட்டா, எங்க இருக்கே? க்ளென்னாவாம்!" என்றான். நான் வந்து சேர்ந்தபோது பக்கத்துக் கவுண்டி ஆட்கள் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டிலிருந்து உன் வீட்டுக்கு ஆறு நிமிடம்கூட ஆகாது. அவர்களுக்கு நாற்பத்தொன்று ஆகியிருந்தது. நான் முன்பே வந்திருந்தாலும் அவள் பிழைத்திருப்பாளா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதை எனக்கு ஆறுதலாக எடுத்துக்கொள்ள நான் முயன்றதில்லை.

பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். அடக்கத்தன்று தேவாலய வாசலில் நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பேட்டரி போனதுக்கு கேப்டன் என்ன பண்ணுவா? கேட்டிருந்தா பறந்து வந்திருப்பா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாய். நான் தலையாட்டினேன்.

அதன் பிறகு மூன்று வருடம் ஓர் அழைப்பையும் நான் விடவில்லை. குளிக்கும்போதும் பேஜர் பக்கத்தில் இருக்கும். இருந்தும் அது சும்மா கிடக்கும்போதுதான் எனக்குக் கேட்கிறது. நான் அன்று கேட்காத அந்தக் குரல், உன் தெருப் பெயரை, வீட்டு எண்ணை, அவள் வயதை நிதானமாகச் சொல்கிறது. பாத்திரம் கழுவும்போது, கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டும்போது. நான் திரும்பிப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள்.

போன வாரக் கூட்டத்தில் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். என்னால் கையை நீட்ட முடியவில்லை. வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தேன். பின்னாலேயே ஹார்லன் கோலை ஊன்றிக்கொண்டு வந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் ஆம்புலன்ஸ் கொட்டகையைப் பார்த்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு, "நானும் கேட்டேன், லொரெட்டா. எனக்கு விலாசமும் கேட்டுச்சு. முழங்கால் வலின்னு உக்காந்துட்டேன். நீ எப்பவும் போவியே, இந்நேரம் கெளம்பியிருப்பேன்னு நெனச்சேன். மூணாவது தடவை கூவினப்பதான் பயம் வந்துச்சு" என்றான். இதை உனக்கு எழுதப்போகிறேன் என்றேன். "என் பேரையும் எழுது" என்றான். எழுதிவிட்டேன்.

இந்த உண்மை மூன்று வருடம் முன்பே உன்னிடம் வந்திருக்க வேண்டும். நீ உன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வாய் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேனா என்று கேட்காதே.

இருபத்தெட்டாம் தேதி மதியம் கொட்டகையில் எல்லோரும் கடைசியாகக் கூடுகிறோம். நீ வருவதாக இருந்தால் ஹார்லனுக்குச் சொல்லி அனுப்பு. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது என்றால் அதையும் சொல், நான் வரவில்லை. என்மேல் கோபமாக ஏதாவது எழுதத் தோன்றினால் எழுது. எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

ஆனால் அதற்கு முன் டென்னசிக்குப் போய்விட்டு வா, டுவைட். நீ அன்று போனது சரி. காவலுக்கு ஆள் வைத்துவிட்டுத்தான் போனாய். காவலில் நிற்காதது அந்த ஆள்தான், நான். அந்தக் குழந்தை ஒன்றும் செய்யவில்லை. அவளைத் தூக்கிக்கொள். க்ளென்னா இருந்திருந்தால் இந்த மூன்று வருடமும் அவளைக் கீழேயே விட்டிருக்க மாட்டாள்.

கடவுள் உன்னையும் அந்தக் குழந்தையையும் காப்பாராக.

லொரெட்டா ஏக்கர்ஸ்