பயிற்சிக்கு ஓர் அக்கா

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். நான் நலம். நீ, மாமா, பாப்பா எல்லாரும் நலமா? போனில் பேசினால் மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், ஒரு பேச்சும் பேச்சாக இருக்காது. அதனால்தான் நீ வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்து முகவரிக்கே அனுப்புகிறேன்.

நல்ல செய்தி. என்னைக் கல்லூரியை விட்டுத் துரத்தவில்லை! "உனக்குச் சமூகப்பணி ஒத்துவராதும்மா, வேற ஏதாவது படி" என்று போன பருவத்தில் மேடம் சொன்னார் இல்லையா? இப்போது அதே வாய் என்னைப் புகழ்கிறது.

எங்களுக்குப் பயிற்சி நேர்காணல் என்று ஒன்று உண்டு. வகுப்பின் நடுவில் இரண்டு நாற்காலி. ஒருத்தி சமூகப்பணியாளர், இன்னொருத்தி கஷ்டத்தோடு வந்தவள். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து, கேள்வி கேட்பவள் எங்கே சறுக்குகிறாள் என்று பார்ப்பார்கள். கதை கற்பனையாக இருக்க வேண்டும், தெரிந்தவர்களின் கதையைத் தொடக்கூடாது என்பது விதி. அதனால் எல்லாரும் குடிகாரக் கணவனைத்தான் பிடித்துக்கொண்டு வருவார்கள். கண்ணில் ஒரு சொட்டு வராது, மூக்கை மட்டும் உறிஞ்சுவார்கள்.

என் முறை வந்தபோது நான் ஓர் இளம் தாயாக நடித்தேன். எதிரே இருந்தவள் கேட்க வேண்டிய கேள்வியையே மறந்துவிட்டாள். "நடிப்புன்னே தெரியலையேடி" என்று மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் நடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். குழந்தைகளோடு வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டப் போகிறார்களாம். இனி என்னை யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாது அக்கா.

பாப்பாவுக்கு என் முத்தங்கள்.

உன் வாலு


ஜூலை 20

அடி என் வாலு,

நீ நடிகை ஆனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பள்ளிக்கூடம் போகப் பிடிக்காத நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவாயே, அப்பா ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியையே வரவழைத்துவிடுவாரே. அந்தத் திறமைக்கு இப்போது மதிப்பெண் கொடுக்கிறார்கள். நல்ல காலம்தான்.

ஆனாலும் உனக்கு நெஞ்சழுத்தம் அதிகம். விடுமுறை வந்தது, போனது, அக்கா வீட்டு வாசல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாப்பா இப்போது வாய் மூடுவதே இல்லை. யார் வந்தாலும் "சித்தியா?" என்கிறாள். தண்ணீர் கேன் போடுகிறவரைப் பார்த்தும் கேட்டுவிட்டாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

என்னைக் கைக்குழந்தைகள் அறைக்கே நிரந்தரமாகப் போட்டுவிட்டார்கள். யார் தூக்கினாலும் அடங்காத ஒரு பயல் இருக்கிறான், என் தோளில் போட்டால் பெட்டிப் பாம்பு. பொறுப்பாளர் அம்மாவே, "இவளுக்கு ஏதோ கைராசி" என்றார். நான் சிரித்துக்கொண்டேன். பாப்பா பிறந்த புதிதில் நான் இருந்த இருப்பு உனக்கு மட்டும்தானே தெரியும்? உன் மாமாவிடம்கூட வாய் திறக்கவில்லை. உன்னிடம் கொட்டிய பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்தது. ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டாய். அன்றைக்கே நினைத்தேன், இவள் படிப்பது சரியான படிப்புதான் என்று. உன் மேடத்துக்கு என்ன தெரியும்?

அது சரி, அந்த இளம் தாய்க்கு என்ன கஷ்டம் என்று எழுதவே இல்லையே? பதில் போடு.

உன் அக்கா


செப்டம்பர் 2

வாலுவுக்கு,

நீ ஏன் பதில் போடவில்லை என்று இன்று தெரிந்துவிட்டது.

காப்பகத்தில் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். தளர்ந்துபோன தாய்மார்களை அடையாளம் காண்பது எப்படி என்று பாடம். திரை கட்டி, விளக்கை அணைத்து, படம் போட்டார்கள். திரையில் நீ. எனக்கு முதலில் பெருமைதான் தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த சமையல்காரம்மாவைக் கிள்ளி, "என் தங்கச்சி, என் தங்கச்சி" என்று நானே சொன்னேன். கேட்டுக்கொள், என் வாயால் நானே சொன்னேன்.

அப்புறம் நீ பேச ஆரம்பித்தாய். புருஷனுக்கு ராத்திரி வேலை என்றாய். குழந்தை ஓயாமல் அழுதது, அதைக் குளியலறைத் தரையில் கிடத்திக் கதவைச் சாத்தினேன் என்றாய். அழுகை கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு வெளியே உட்கார்ந்தேன், இது செத்துப்போனால் நான் தூங்கலாமே என்று தோன்றியது என்றாய். ஒரு சொல் மாறவில்லையடி. உன்னிடம் அதைச் சொன்னபோது நான் பாப்பாவின் துண்டைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தேனே, அதையும் செய்தாய். நான் வார்த்தைக்கு வார்த்தை "வெச்சுக்கோயேன்" என்பேனே, அதையும் விடவில்லை.

சமையல்காரம்மா வெள்ளந்தி. "ஏம்மா, உன் தங்கச்சி அப்படியே உன்னை மாதிரியே பேசுறாளே!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். விளக்கு போட்டபோது நான் அழுதுகொண்டிருந்தேன்.

பொறுப்பாளர் அம்மா தனியாகக் கூப்பிட்டு, "இது உண்மையா?" என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் கதையைப் படமாகவே பார்த்த பிறகு எனக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

ஏண்டி இப்படிச் செய்தாய்?

அக்கா


செப்டம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ மிகுந்த வேதனையில் இருக்கிறாய் என்பதை நான் உணர்கிறேன். உன் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தை வெளிப்படுத்தியதற்காக உன்னை மதிக்கிறேன்.

நான் உன் பெயரைச் சொல்லவில்லை. அடையாளம் எதையும் தரவில்லை. அது உன் கதையாக வரும் என்று நான் திட்டமிடவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் மனதில் வேறு எதுவுமே வரவில்லை, மேடம் பேனாவோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றும் தோற்றிருந்தால் என் படிப்பு அதோடு சரி.

ஒன்று மட்டும் யோசித்துப் பார். உனக்கு வந்தது நிறையத் தாய்மார்களுக்கு வருவது. அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. அந்தப் படத்தைப் பார்த்து எத்தனை பேருக்கு உதவி கிடைக்கும்! நீ விரும்பினால் நான் வந்து மாமாவிடமும் உட்கார்ந்து பேசுகிறேன். குடும்பத்தோடு பேசுவது இந்தப் பருவத்தில் எங்களுக்குப் பாடமாகவே இருக்கிறது.

உன் வாலு


செப்டம்பர் 19

வாலுவுக்கு,

உன் கடிதத்தை எனக்குத்தான் எழுதினாயா, மேடத்துக்கு எழுதி உறை மாற்றிவிட்டாயா? என் கோபத்தை மதிக்கிறாயாம். மதிப்பெண் எவ்வளவு போட்டாய்?

வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நீ சொல்கிறாய். இங்கே வந்து சொல்லிப் பார். வீட்டாருக்குத் தெரிவிப்பது நடைமுறை என்று பொறுப்பாளர் அம்மா உன் மாமாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூட நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வேலைக்குப் போகும் முன் பாப்பாவை எடுத்துக்கொண்டுபோய் அவர் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார். குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். நேற்று பாப்பா சோப்பு கண்ணில் பட்டு அழுதாள். ஓடி வந்து அவளை என் கையிலிருந்து வாங்கினார். அவர் என்னைப் பார்த்த பார்வையை எந்தக் கேமராவும் எடுக்க முடியாது.

காப்பகத்தில் என்னைக் கைக்குழந்தைகள் அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சலவை அறையில் போட்டிருக்கிறார்கள். "தற்காலிகம்தான், உனக்கும் ஓய்வு வேணுமில்ல?" என்று எவ்வளவு இதமாகச் சொன்னார் தெரியுமா? அவரும் உன் படிப்புதான் படித்தவராம். அந்தப் பயல் அடுத்த அறையில் கத்துவது கேட்கிறது. நான் போய்த் தூக்கக் கூடாது.

நீ வந்து உட்கார்ந்து பேச வேண்டாம். நான் உன்னிடம் சொன்னது நீ சமூகப்பணி படிக்கிறாய் என்பதற்காக இல்லை. நீ என் தங்கை என்பதற்காகச் சொன்னேன். உன் வகுப்பில் அத்தனை பேர் முன்னால் துண்டைச் சுருட்டியபோது ஒரு தடவையாவது கை கூசவில்லையா?

அக்கா


அக்டோபர் 6

அக்கா,

நடிக்காமல், பாடம் ஒப்பிக்காமல் எழுதுகிறேன். நான் செய்தது தப்பு. கூசியது. ஆனால் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நிறுத்த மனம் வரவில்லை. அதுதான் உண்மை. எத்தனை தடவை வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்போது என் தலை மேலேயே கத்தி தொங்குகிறது. படத்தில் இருப்பது தங்கள் ஊழியர் ஒருவரின் சொந்த வாழ்க்கை என்று உங்கள் பொறுப்பாளர் அம்மா எங்கள் கல்லூரித் துறைக்கு எழுதிவிட்டார். விசாரணை வைத்திருக்கிறார்கள். தெரிந்தவர் ரகசியத்தை வெளியிட்டது உறுதியானால் என்னை நீக்கிவிடுவார்கள். இது கடைசி வருடம் அக்கா. மேடமும் கைவிரித்துவிட்டார். "கற்பனைன்னுதானே என்கிட்ட சொன்னே?" என்கிறார்.

ஒரே வழிதான் இருக்கிறது. அந்தக் கதை உன்னுடையது இல்லை என்று நீ துறைத் தலைவருக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும், அத்தோடு மூடிவிடுவார்கள். உனக்கும் நல்லதுதானே? மாமாவும் நம்புவார், பாப்பாவும் உன்னிடம் வந்துவிடுவாள். வரும் பதினெட்டாம் தேதிக்குள் வேண்டும். காலில் விழுந்து கேட்கிறேன்.

வாலு


அக்டோபர் 14

நீ கேட்டது இதோடு இருக்கிறது. ஒரு நகலைப் பொறுப்பாளர் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் படித்துவிட்டு, "அப்ப என்கிட்ட ஆமான்னு சொன்னது பொய்யா?" என்றார். பொய்தான் என்றேன். பொய் பேசுகிறவளைக் குழந்தைகள் இருக்கும் கட்டடத்திலேயே வைத்துக்கொள்ள முடியாது என்றார். இந்த மாதத்தோடு எனக்குச் சலவை அறையும் இல்லை.

உன் மாமாவிடமும் காட்டினேன். நம்பவில்லை. "அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணா?" என்றார். பாப்பாவை இன்னும் அவர் தங்கை வீட்டில்தான் விடுகிறார்.

எனக்கு நல்லது என்று நீ எழுதியிருந்தாயே, அதற்காகச் சொன்னேன். நன்றாகப் படி. கடிதத்தைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடு. எனக்கு இனி எழுதாதே.

*

சமூகப்பணித் துறைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மாணவி நடித்த பயிற்சிப் படம் பற்றிய விசாரணைக்காக இதை எழுதித் தருகிறேன்.

அந்தப் படத்தில் சொல்லப்படும் சம்பவம் என் வாழ்வில் நடந்ததில்லை. படம் பார்த்த அன்று மனம் கலங்கி, நடந்ததாகத் தவறாகச் சொல்லிவிட்டேன். மாணவி மீது எந்தப் பிழையும் இல்லை.

அவர் என் தங்கை என்றும், நான் சொன்னதைக் கேட்டுத்தான் அவர் அப்படி நடித்தார் என்றும் காப்பகத்தில் பேசிக்கொள்கிறார்கள். அதுவும் சரியல்ல. மனம் விட்டுப் பேசும்படியான தங்கை எனக்கு யாரும் இல்லை.

இப்படிக்கு,
சலவை அறை ஊழியர்,
குழந்தைகள் காப்பகம்