கமிட்டி ஜெயித்த ராஜாவுக்கு

என் பொன்னத்தானுக்கு,

கோபம் இன்னும் ஆறவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு நலம் விசாரிக்கிறேன்.

நீங்கள் எழுதிய எல்லா நாடகத்திலும் ராஜாக்கள் அரியணைக்காக வெட்டிக்கொண்டு சாவார்கள். நானும் உங்கள் தம்பி சோமனின் மனைவி லதாவும் தலைவிரி கோலமாக ஓடிவந்து அழுவோம். "ஐயோ" என்பதைத் தவிர எங்களுக்கென்று ஒரு வார்த்தை எழுதினீர்களா? கேட்டால், "உனக்க அழுகைய பாக்கத்தானாக்கும் ஆளு வாறது" என்று சிரிப்பீர்கள்.

அரியணைக்கு வழியில்லாத நம் காரோடு கிராமத்தில் வாசகசாலைக் கமிட்டிச் செயலாளர் நாற்காலி கிடைத்தது. அதற்குப் போட்டியிட்டு அண்ணனும் தம்பியும் ஒரே முற்றத்தில் முகம் பார்க்காமல் நடந்தீர்கள். லதாவும் நானும் கிணற்றடியில் ஒளிந்து நின்று பேச வேண்டியதாயிற்று.

தேர்தலன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கெஞ்சினேன். "ஓட்டு எண்ணி முடியட்டும்டி" என்றீர்கள். எண்ணினார்கள். ஜெயித்தீர்கள். ஆட்டோ பாறசாலையைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் போய்விட்டீர்கள். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

அடக்கத்தில் எனக்கு அழுகை வரவில்லை. "மேடையில அந்த அழுகை அழுதவ, இப்ப நிக்கிற நிப்பப் பாரு" என்று பின்னால் பேசினார்கள். உங்களுக்காக எத்தனை தடவைதான் அழுவது?

இந்த ஓணத்துக்கு முன்னால் சோமன் வாசலில் வந்து நின்றான். "அண்ணனுக்க நாடகத்த போடணும் மைனி. ராஜா வேஷம் நான். நீங்க வந்து அழுதாப் போதும்."

போனேன். வெட்டுப்பட்டு விழுந்தவன் உங்கள் உடுப்பில், உங்கள் மூக்கோடு கிடந்தான். அழ வாயைத் திறந்தேன். வேறுதான் வந்தது.

"எதுக்காக்கும் செத்தீங்க? நாற்காலிய கூடக் கொண்டு போனீங்களா? நான் கெஞ்சினது காதுல விழல்லியா?"

லதா திகைத்துப்போனாள். பிறகு அவளும் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் செத்தாத்தான் தம்பிக்கு வாய் தொறக்குமா?"

"அப்பிடிக் கேளு மக்களே!" என்று லதாவைப் பார்த்துக் கத்தினாள் கூட்டத்தில் ஒருத்தி.

சோமன் பிணமாக அசையாமல்தான் கிடந்தான். ஆனால் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. திரை விழுந்த பிறகும் எழும்பவில்லை.

"அன்னைக்கு அண்ணன் நெஞ்சப் பிடிச்சத நானும் கண்டேன் மைனி. எங்களுக்குள்ள பேச்சு இல்லாததுனால ஒண்ணும் கேக்கல்ல."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, அத்தான். ஒப்பாரி இல்லை, சத்தமே இல்லை. மூன்று பேரும் அந்த மேடைப் பலகைமேல் உட்கார்ந்து அழுதோம்.

இப்போது சோமன் தினமும் வருகிறான், சாயா குடிக்கிறான், வீண்பேச்சு பேசுகிறான். இதை நீங்கள் இருக்கும்போது செய்திருக்கக் கூடாதா, இரண்டு பேரும்?

அடுத்த ஓணத்துக்கு நாடகம் நான்தான் எழுதுவேன். சண்டை உண்டு, வாளும் உண்டு. ஆனால் ராஜா நெஞ்சைப் பிடித்தால், ராணி அவன் கிரீடத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, கையைப் பிடித்துத் தரதரவென்று வைத்தியரிடம் இழுத்துப் போவாள். சத்தியம்.

திட்டித் தீராத,
உங்கள் வீட்டுக்காரி
சரசம்