மருத்துவர் வாசலில் இருந்த படம்

அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள். நம் வீட்டில் கடிதம் என்றாலே பயம். தபால்பெட்டியைத் திறக்கும்போதே நீங்கள் நெஞ்சில் கை வைப்பீர்கள். தெரிந்தும் எழுதுகிறேன். இன்று ஹம்பேர்க்கில் ஓர் அருங்காட்சியகத்தில் நம்முடைய படத்தைக் கண்டேன்.

மருத்துவரின் அறைக்கு வெளியே, குடை வைக்கும் தொட்டிக்கு மேலே தொங்கியதே, அதன் அசல். தலைப்பாகை கட்டிய தாடிக்கார முதியவர், மடியில் விரித்த புத்தகம், அதில் விரல் வைத்திருக்கும் சிறுமி. ஆசிரியர் வாசிக்கக் கற்பிக்கிறார் என்றாள் வழிகாட்டிப் பெண். ஓவியர் கிழக்குத் தேசம் எதையும் கண்டவரல்லராம். இங்கேயே ஆட்களுக்கு உடை மாட்டி உட்கார வைத்து வரைந்தாராம். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. வழக்கம்போல் வாய் வரவில்லை.

நீங்கள் முதல் நாளே வேறு விதமாகச் சொன்னீர்கள். "வாத்தியாற்ர முழியைப் பார். ஒண்டும் விளங்கேல்லை. பெட்டைதான் சொல்லிக் குடுக்குது. உன்னையும் என்னையும் மாதிரி."

"அப்ப தாடி?"

"இன்னும் நாலு தரம் டொக்டரிட்ட டெர்மின் எடுத்து இப்பிடிக் காத்திருந்தால் எனக்கும் வளரும்."

அப்பா உணவகச் சமையலறையில் நின்றதால் உங்களோடு வருவது நான்தான். வீட்டுக்காரரிடமும் மருந்துக்கடையிலும் நானே உங்கள் வாய். நான் வகுப்பில் பேசுவதேயில்லை என்று ஆசிரியை குறை சொன்னதையும் நானே உங்களுக்கு மொழிபெயர்த்தேன். வீடு வரும்வரை சிரித்தீர்கள்.

கடைசித் தடவை, மருத்துவர் கோப்பை மூடிவிட்டு என்னைப் பார்த்து ஒரு வசனம் தொடங்கினார். நீங்கள் கையை உயர்த்தி, உங்களிடமிருந்த கொஞ்ச ஜெர்மனில், "பிள்ளை வெளியே" என்றீர்கள். பிறகு என்னிடம் தமிழில், "போய் அந்தப் படத்தைப் பாத்துக்கொண்டு நில்லு. நான் கேக்கிறன்."

"உங்களுக்கு விளங்காதம்மா."

"விளங்கிற அளவு போதும்."

படத்தின் முன் நின்றேன். கதவு நெடுநேரம் திறக்கவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தீர்கள். ரயிலில், "என்னவாம்?" என்று கேட்டேன்.

"மருந்து மாத்தினமாம். வீட்டில பாண் முடிஞ்சுது, கடையில வாங்க ஞாபகப்படுத்து."

கோடை விடுமுறை தொடங்குமுன் நீங்கள் இல்லை.

நம் வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் பெற்றுவிட்டேன், அம்மா. வேலை நேரம் போக, மருத்துவமனையில் நம்மவர்களுக்கு மொழிபெயர்க்கிறேன். தாயோடு பிள்ளை வந்தால் முதலில் பிள்ளையை வெளியே அனுப்புகிறேன். "எப்பவும் நான்தான் அம்மாவுக்குச் சொல்லுறனான்" என்று போன கிழமை ஒருத்தி முறைத்தாள். கதவைச் சாத்திவிட்டு, அந்தத் தாய்க்கு எல்லாவற்றையும் சொன்னேன். இப்படி ஒவ்வொரு கெட்ட செய்தியையும் சொல்லும்போது, உங்களுக்குச் சொல்லப்பட்டதும் இதுதானோ என்று நினைக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று அவர் சொன்னதை, உங்களுக்கு விளங்கிய அளவில், எனக்கு ஒருமுறை சொல்லுங்கள். இந்தமுறை என்னை வெளியே அனுப்பாதீர்கள்.