தேறவில்லை என்று எழுதினேன்

மார்ச் 3, திங்கள்

மருத்துவமனைகளின் மருந்து இருப்பைப் பார்க்கும் சாஃப்ட்வேரைப் பதினான்கு வருடமாக நான்தான் கட்டி மேய்க்கிறேன். ஆறு மாதத்துக்கொரு முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். இனி இல்லையாம். வேலை வேறு நாட்டுக்குப் போகிறது. அங்கே ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு நான் திரையில் பாடம் எடுக்க வேண்டும். பிறகு அவள் அத்தனையையும் எங்கள் மேலாளர் முன்னால் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். தேறாவிட்டால் இரண்டு வாரம் கழித்து மறுபடி தேர்வு. "தேறினார்" என்று நான் எழுதும் நாள்தான் எனக்குக் கடைசி நாள்.

முதுகு ஆபரேஷன் முடிந்து படுக்கையில் கிடக்கும் கணவரிடம் சொன்னேன். சிரித்தார். "அப்ப அவளை ஃபெயில் பண்ணிக்கிட்டே இரு." நானும் சிரித்துவைத்தேன்.

மார்ச் 12

அவள் கெட்டிக்காரி. என் நேரம்.

மார்ச் 28

முதல் தேர்வு. ஓரிடத்தில் தடுமாறினாள். தேறவில்லை என்று எழுதினேன். இரண்டு வாரம் கிடைத்தது. இதுவும் ஒரு பிழைப்பு.

ஏப்ரல் 11

இன்று அவள் எங்குமே தடுமாறவில்லை. வருடக் கடைசியில் காலாவதி மருந்துகளை இருப்புக் கணக்கிலிருந்து எப்படிக் கழிப்பது என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தாள்.

"அதை நீங்க சொல்லித்தரலியேக்கா."

"சொன்னேனேம்மா" என்றேன், கண் இமைக்காமல். மேலாளர் என்னைத்தான் நம்பினார்; மறுபடி தேறவில்லை என்று எழுதினேன். பதினான்கு வருடப் பழக்கம் இல்லையா.

ஏப்ரல் 12

ஐயோ, பாடமெல்லாம் ரெக்கார்ட் ஆகுதே! தினமும் நானேதானே பொத்தானை அமுக்கினேன்? புத்தி எங்க போச்சு எனக்கு? மேலாளர் ஒரு தடவை போட்டுப் பார்த்தால் — அப்புறம் எவன் எனக்கு வேலை தருவான்?

ஏப்ரல் 13

அழிக்கப் பார்த்தேன். அனுமதி இல்லை. முப்பது மணி நேரப் பதிவு. எங்காவது போகிறபோக்கில் சொல்லியிருப்பேனோ என்று தேடுகிறேன். "என்னத்தப் பாத்துக்கிட்டிருக்கே?" என்று கணவர் கேட்டார். பழைய படம் என்றேன்.

ஏப்ரல் 17

சொல்லவில்லை. எங்குமே சொல்லவில்லை.

ஏப்ரல் 25

மூன்றாவது தேர்வு. மேலாளர் வருவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா, ரெக்கார்டிங் எல்லாம் திரும்பப் பாத்தேன். அந்தப் பாடம் எதுலயும் இல்ல. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நானும் கான்ட்ராக்ட்தான்க்கா. இந்தத் தடவையும் தேறலேன்னா அனுப்பிடுவாங்க."

"பாத்துக்கலாம்மா" என்றேன்.

எல்லாம் சரியாகச் சொன்னாள். நான் சொல்லித்தராததையும் எப்படியோ கற்றுக்கொண்டு வந்திருந்தாள். எனக்கோ அவளைப் பார்க்கவே பயம். என் பொய் தெரிந்த ஒரே ஆள் அவள். போய்விட்டால் யாருக்கும் தெரியாது. "வேகம் போதாது. தேறவில்லை" என்று எழுதினேன்.

ச்சீ. என்ன மனுஷி நான்?

மே 2

அவளை அனுப்பிவிட்டார்கள். என் பொய்யைப் பற்றி அவள் கடைசிவரை யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று கொஞ்சம் சாப்பிட முடிந்தது.

மே 5

அவள் இடத்துக்கு ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். மேலாளரும் திரையில் இருந்தார். பழைய பதிவுகளையும் என் தேர்வுக் குறிப்புகளையும் புதியவர் முழுக்கப் பார்த்துவிட்டாராம்.

"ஒரே ஒரு சந்தேகம் மேடம். ரெண்டாவது தேர்வுல காலாவதி மருந்தைப் பத்திக் கேட்டிருக்கீங்க. அந்தப் பாடம் எந்த ரெக்கார்டிங்ல இருக்கு?"

மரியாதையாகத்தான் கேட்டார். மேலாளர் பேனாவை எடுத்துக்கொண்டு, "ஆமா, எந்தத் தேதி?" என்றார்.