சோயா தின்ற எலிகளும் உன் மாத்திரையும்

அம்மா,

“ஆறு மாசமா எலிக்கூண்டு கழுவுறியே, ஒரு கேள்விகூடவா தோணல?” என்று ஆய்வுக்கூடத்து மேடம் முன்பு ஒருநாள் கேட்டார். வாயே திறக்காத நான் நேற்று கேட்டுவிட்டேன், உடைந்த உன் மணிக்கட்டுக்காக.

சோயாச் சத்து தின்ற எலிக்கு எலும்பு தேயாது என்று நான் அரைகுறையாக உளறியதை நம்பித்தானே எலும்புக்கு டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தினாய்? மேடம் எலி எலும்பின் படம் காட்டினார். உனக்கு மாதவிலக்கு நின்றதுபோல் ஆவதற்காக, எலிகளுக்குச் சினைப்பையை எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் எலும்பு ரொட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிடுகிறது. சோயா தின்ற எலிக்கு ஓட்டை குறைவுதான், ஆனாலும் இருந்தது.

“அப்போ மனுஷிக்கு?”

“ஒரு ஆய்வு ஆமாங்குது, இன்னொண்ணு இல்லைங்குது. சோயா சாப்பிடட்டும், தப்பில்ல. மாத்திரைய நிறுத்தச் சொன்ன மகராசி யாரு?”

நான்தான் என்று சொல்லவில்லை.

மாத்திரை மேசைமேல் இருக்கிறது. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு போடு. அரைமணி நேரம் படுக்காதே. பிறகு அடுப்பில் இருக்கும் சோயாவைச் சாப்பிடு. “கூண்டு கழுவுறவ டாக்டராயிட்டாளா?” என்று, மறுபடி மாத்திரை போடச் சொன்னதற்கு நேற்று கத்தினாயே, அந்தக் கோபத்தை என்மேல் காட்டு, மாத்திரைமேல் வேண்டாம்.

சாவி ஜன்னலோரம் இருக்கிறது.

இன்னொன்று. சோயாவில் பெண்ணுடம்பில் சுரப்பதைப் போன்ற ஒன்று இருக்கிறதாம்; அது ஒரு பயற்றுக்குள் எதற்கு? செடிக்கு அதனால் என்ன லாபம்? இதை மேடத்திடம் கேட்க மறந்துவிட்டேன். நீயும் யோசி.

உன் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்; நீ தூங்கவில்லை, இமை அசைகிறது. தண்ணீரை உன் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.